தண்ணி என்று நீ சொன்னது

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எல்லோரும் கடிதம் ஆரம்பிக்கிறார்கள். உன்னிடம் அதை ஒரு பேச்சுக்காகக் கேட்க என்னால் ஆகாது. நான் கேட்டால் எனக்குப் பதில் வேண்டும். இன்று காலையில் ஊசி போட்டாயா, போட்ட பிறகு நேரத்துக்குச் சாப்பிட்டாயா, மூத்திரம் பார்த்தாயா, பார்த்ததில் என்ன நிறம் வந்தது. பாண்டிச்சேரியில் ஆபீஸ் வேலை பார்க்கிற பிள்ளையிடம் இதையெல்லாம் எழுதிக் கேட்பாளா ஒரு அம்மா என்று நீ பல்லைக் கடிப்பாய். கடித்துக்கொள். எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, அப்புறம் இத்தனை வருஷம் தலையில் மீன்கூடையோடு காரைக்கால் தெருக்களில் கூவிக்கொண்டு நடந்தவள் நான். எனக்கு நாசூக்காக எழுத வராது.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று நினைக்காதே. தெருவில் நான் நடக்கிற நடையைப் பார்த்து நம் மீனவர் மேட்டில் உள்ளவர்கள் கேலி பண்ணுகிறார்கள். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. வெறும் பயம் இல்லை, சோறு இறங்காத பயம். கலைச்செல்விக்கு உன் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியாது. அவள் அப்பா அம்மாவுக்கும் தெரியாது. பதினோரு வயதிலிருந்து தினமும் ஊசியில் உயிரோடு இருக்கிற பிள்ளையை, ஒன்றும் இல்லாதவன் என்று காட்டிக் கட்டிவைக்கப் போகிறோம். நீ போய்ச் சொல். கல்யாணத்துக்கு முன்னால் சொல். இந்தக் கடிதம் முழுக்க நான் கேட்கப்போவது இது ஒன்றுதான்.

பெண் பார்த்துவிட்டுத் திருநள்ளாற்றிலிருந்து பஸ்ஸில் வரும்போது நீ என் கையை எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாயே, அதை நான் மறக்கவில்லை. "சத்தியம் பண்ணும்மா. தாலி கட்டுற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு. அப்புறம் நானே சொல்லிக்கிறேன்" என்றாய். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்துச் செய்கிற சத்தியம் எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும். மீறினால் அந்தத் தலைக்குத்தான் கேடு. தெரிந்துதான் அதைக் கேட்டாய். இந்தக் கிழவியின் வாயை எதைக் கொண்டு பூட்டினால் பூட்டும் என்று உனக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. நானும் செய்து கொடுத்தேன்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியில் நீ நினைவில்லாமல் கிடந்தாய். எமர்ஜென்சி இருந்த வருஷம். நீ ஆறாம் வகுப்பு. மழை ஓய்ந்து கொஞ்ச நாளிலேயே நீ மெலிய ஆரம்பித்தாய். அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்காமல், வலை முடிகிற நைலான் நூலை எடுத்து நீயே கட்டிக்கொண்டாய். வளர்கிற பிள்ளை, உயரத்துக்கு இழுக்கிறது என்றேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாய். பள்ளிக்கூடத்தில் அடிக்கடி வெளியே போகிறான் என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். அதற்கும் மேலே, அத்தனை வயதில் பாயை நனைத்தாய். நான் உன்னைக் கிண்டல் செய்தேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. பார்த்தவர்கள் எல்லோரும் சூடு என்றார்கள். சூட்டுக்கு என்ன செய்வோம்? இளநீர் வெட்டிக் கொடுத்தோம், கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தோம், நன்னாரி சர்பத் போட்டுக் கொடுத்தோம். கொடுக்கக் கொடுக்க உனக்குத் தாகம் கூடியது. கொல்லையில் நீ ஒன்றுக்குப் போகிற இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்ததையும் பார்த்தேன். வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருத்தருக்குப் பொறி தட்டியிருக்கும். நம் வீட்டில் எறும்பு இல்லாத இடம் எது? செதிலுக்கும் குடலுக்கும் வருகிற எறும்பு என்று விளக்குமாற்றால் தள்ளிவிட்டேன்.

அப்புறம் அந்த நாள். உன் அப்பா கரையில் வலை வேலையாகப் போயிருந்தார். நான் கூடையை விற்றுவிட்டு மத்தியானம் வந்து பார்த்தால், பள்ளிக்கூடம் போகாமல் நீ தரையில் கிடக்கிறாய். வாந்தி எடுத்திருந்தாய். கண் பாதி மூடியிருந்தது. தூக்கி உட்காரவைத்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, பேச்சு குழறியது. கிட்டே போனேன், வாயிலிருந்து குப்பென்று ஒரு வாடை. புளித்த பழவாடை. என் மூக்கு உனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இன்றைய மீன் எது, நேற்றைய மீன் எது என்று சொல்லிவிடுவேன். அந்த வாடையை நான் சரியாகத்தான் பிடித்தேன். அதற்குப் பெயர்தான் தப்பாக வைத்தேன். அந்தக் காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. நாகப்பட்டினத்திலிருந்தும் மாயவரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து நம் ஊரில் குடித்துவிட்டுப் போவார்கள். தெருவுக்குத் தெரு கடை. நம் வீட்டிலோ அதற்கென்றே ஒரு ஆள், மூலையில் அவர் புட்டி. "என்னத்தடா குடிச்ச?" என்று உலுக்கினேன். நீ கண்ணைத் திறக்காமல் சொன்னாய்: "தண்ணி."

தம்பி, நீ தண்ணீரைத்தான் சொன்னாய். குடித்ததையும் சொன்னாய், இன்னும் வேண்டும் என்று கேட்கவும் செய்தாய். ஆனால் தண்ணி என்றால் நம் ஊரில் வேறு ஒன்று இருக்கிறதே. தண்ணி போடுகிறவனோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் காதில் அந்தச் சொல் வேறு எப்படி விழும்? அப்பன் புட்டியில் கை வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஓங்கி ஒரு அறை வைத்தேன். பிறகு, அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று கதவைச் சாத்தினேன். கொடுமை அதுதான். உன் மேல் வெறுப்பில் சாத்தவில்லை. பதினோரு வயதில் குடிகாரன் என்று உனக்குப் பெயர் வந்துவிடக் கூடாது என்ற பாசத்தில்தான் சாத்தினேன். உன் அப்பாவுக்குப் போதை தெளிய என்ன செய்வேனோ அதையே செய்தேன். ஒரு சொம்பு எலுமிச்சம்பழச் சாறு, அதில் கை கொள்ளுமட்டும் சர்க்கரை. மூக்கைப் பிடித்து ஊற்றினேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று மறுநாள் மீனுக்கு வேண்டிய உப்பைப் புடைக்க உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாயும்போது உன் அப்பா வந்தார். அன்று அவர் குடிக்காமல் வந்தது கடவுள் செயல் என்று எல்லோரும் சொல்வார்கள். கையில் காசில்லாததுதான் காரணம். கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்றார். உங்க மகன் உங்களுக்கு வாரிசாகிவிட்டான், போய்ப் பாருங்கள் என்றேன். நீ மூச்சு விடுகிற சத்தம் வாசலுக்கே கேட்டது. நீளமாக, ஆழமாக, ஓடி வந்தவன் மாதிரி. ஓடாமல் படுத்துக்கிடக்கிற பிள்ளை அப்படி மூச்சு விடுவானா என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் குனிந்து உன் வாயில் மூக்கை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. "இது சாராயம் இல்லடி" என்றார். "எனக்குத் தெரியாதா?" அவ்வளவுதான் சொன்னார். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தார். மேட்டிலிருந்து ரோடு வரைக்கும் மணலில் ஓடி, மீன் ஏற்றி வந்த மாட்டுவண்டியை மறித்து, அதில் உன்னைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் அப்பாவைப் பற்றி நான் நல்லதாகப் பேசியதில்லை. சாகிற வரைக்கும் அவர் குடியை விடவும் இல்லை. ஆனால் நீ இருப்பது அவருடைய அந்த மூக்கால்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசு. உன் நாக்கைப் பார்த்தார், மூச்சைக் கவனித்தார், குழாய் போட்டு மூத்திரம் எடுத்தார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தில் சில சொட்டு விட்டு விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. பின்னால் வருஷக்கணக்கில் நம் அடுப்படியில் நானே பார்த்த நிறம்தான். முதல் தடவை பார்த்தபோது அது ரத்தம் என்று அலறிவிட்டேன். சர்க்கரை வியாதி என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். அது பெரிய மனுசங்களுக்கு, வயசானவங்களுக்கு, நெய்யும் இனிப்புமா சாப்பிடறவங்களுக்கு வர்றதுங்க, சோத்துக்குத் தாளம் போடுற வீட்டுப் பிள்ளைக்கு எப்படிங்க வரும் என்றேன். அவர் கோபப்படவில்லை. இது வேறு, உடம்பில் ஊற வேண்டிய ஒரு மருந்து அவனுக்கு ஊறுவது நின்றுபோயிற்று, அது இல்லாமல் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிட, உடம்பு கொழுப்பைக் கரைத்துத் தின்று ரத்தம் புளித்துவிட்டது, வாடை அதனுடையது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இன்னும் சில மணி நேரம் வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

நீ கண் விழிக்காமல் கிடந்த நாட்களில் ஒரு தடவை அவரிடம் கேட்டேன். இது இவனுக்கு மட்டும் வந்த அதிசயமா, இல்லை வேறு பிள்ளைகளுக்கும் வருகிறதா என்று. "வருதும்மா. நீங்க நினைக்கிற மாதிரி அபூர்வம் இல்லை" என்றார். "பல பிள்ளைங்க முதல் தடவை எங்ககிட்ட வர்றதே இந்த நிலைமையிலதான். ஆனா எத்தனைன்னு கேட்டா என்ன சொல்ல? இங்க வந்து சேர்றதைத்தான் நாங்க எண்ண முடியும். வராமலே போனதை யார் எண்ணுறது?" அவர் போன பிறகு நான் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். தெற்குத் தெருவில் ஒரு பெண் குழந்தை, குச்சியாய் இளைத்து, தண்ணி தண்ணி என்று கேட்டே செத்தது. காத்து கறுப்பு என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள், நானும் கூட நின்றேன். மீன் ஏலம் போடுகிறவர் வீட்டுப் பையன் மூச்சு வாங்கிச் செத்தான்; நெஞ்சுச் சளி என்றார்கள். அவர்களுக்கும் இதுதானா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. நம் மேட்டில் மட்டும் எத்தனை கதவு இப்படிச் சாத்தியிருந்ததோ என்று நினைத்து அந்தக் கட்டிலுக்குக் கீழே படுத்து அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். கண்ணாடி ஊசியைச் சட்டியில் வேகவைத்ததும், உன் தொடையில் குத்த எனக்குக் கை வராமல் கத்திரிக்காயில் குத்திப் பழகியதும். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்றார்கள் என்று உன் அப்பா ஆசை ஆசையாக மீன் பெட்டி ஐஸைக் கொண்டுவந்து புட்டியை அதிலேயே புதைத்தார். உறைந்துபோன மருந்து வேலை செய்யாது என்று யாருக்குத் தெரியும்? தினமும் ஊசி போட்டும் நீலம் செங்கல்லாகவே வந்தது. ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் ஓடினோம். அப்புறம்தான் ஈர மணல் போட்ட மண்சட்டிக்கு மாறினோம். இப்படி ஒவ்வொன்றையும் பட்டுப் பட்டுத்தான் கற்றோம். கலைச்செல்வி பட்டுக் கற்றுக்கொள்ள உன் உயிர்தானா கிடைத்தது?

நிச்சயதார்த்தத்தன்று என்ன நடந்தது என்று யோசித்துப் பார். காலையில் ஊசி போட்டுக்கொண்டாய். நல்ல நேரம் தள்ளிப்போய், சாப்பாடு தள்ளிப்போய், ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, நீ வேர்த்து நனைந்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாய். கலைச்செல்வியின் சித்தப்பா சிரித்துக்கொண்டே, மாப்பிள்ளை காலையிலேயே தண்ணியா என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தட்டில் இருந்த லட்டை எடுத்து உன் வாயில் திணித்தேன். பெற்றவளுக்குப் பாசம் தாங்கவில்லை என்று அதற்கும் சிரித்தார்கள். அந்த இடத்தில் நான் இல்லாவிட்டால்? அதே சொல், தம்பி. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே சொல் உன்னைத் தேடி வந்து நிற்கிறது.

பெண் வீட்டார் உன்னை எதற்குப் பிடித்தார்கள் என்று உனக்குத் தெரியுமா? நம் ஆட்கள்தான், கடல் தொழிலை விட்டுவிட்டுக் கோயில் வாசலில் எள்விளக்கும் கறுப்புத் துணியும் விற்கிற கடைக்குப் போனவர்கள். வருகிற மாப்பிள்ளைகளை எல்லாம் தட்டிக் கழித்தார்களாம். கலைச்செல்வியின் அம்மா என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள், மகளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, குடிக்காத பிள்ளை. தன் புருஷன் ஒரு காலத்தில் எப்படி இருந்தார் என்றும் சொன்னாள். கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாமல் அவரை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவது சின்ன வயதிலிருந்து கலைச்செல்வியின் வேலையாம். கெட்டிக்காரி, வெளியே மூச்சு விட மாட்டாள் என்று பெருமையாகச் சொன்னாள். நாளைக்கு நீ வாடை அடித்து விழுந்தால் அவள் என்ன செய்வாள்? ஏமாந்துவிட்டோமே என்று உள்ளுக்குள் அழுவாள். உன் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பாள். எலுமிச்சம்பழம் பிழிவாள். தெளியட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்காருவாள். வாடையை மோந்து பார்த்துச் சொல்ல உன் அப்பாவும் இல்லை. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வா. நாம் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லுவோம்.

இதுவரை எழுதியதைத் தபாலில் போடவில்லை; ஞாயிற்றுக்கிழமை வா என்று அடுத்த தெருப் பையனிடம் வாயாலேயே சொல்லி அனுப்பினேன், வந்தால் இதைக் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று. நீ வரவில்லை. ஆபீசில் வேலை என்று அதே பையனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி. இன்று நான் கூடை தூக்கவில்லை. சீயக்காய் போட்டுக் குளித்து, இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு திருநள்ளாற்றுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் உன் தலையைத்தான் நினைத்துக்கொண்டேன். சத்தியத்தை மீறினால் அதற்குக் கேடு, மீறாவிட்டால் அதற்குச் சாவு. கேட்டை நான் வேண்டிக்கொண்டு என் தலையில் மாற்றிக்கொள்ளலாம். சாவை எப்படி மாற்றுவது?

கலைச்செல்வி மட்டும்தான் கடையில் இருந்தாள். அவள் அப்பா சரக்கு எடுக்கப் போயிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, மருந்து, மயக்கம், நீ என்னிடம் சத்தியம் வாங்கியது வரைக்கும். அவள் கையில் இருந்த துணியை மடித்து மடித்துப் பிரித்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. கடைசியில் கேட்டாள். "சாராய வாடைக்கும் அந்த வாடைக்கும் என்ன வித்தியாசம் அத்தை? எனக்குத் தெரியணும்." பன்னிரண்டு வருஷமாக மூக்கில் வைத்திருக்கிற வாடையை எப்படிச் சொல்வது? ஒருநாள் வச்சு வீணாப்போன பழம் மாதிரி இருக்கும்மா என்றேன். அப்புறம், வாடையைப் பார்த்துக்கிட்டு நிக்காத, மூச்சைப் பாரு, கதவைத் திற, ஊரையே கூப்பிடு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் அவள் அப்பா வந்துவிட்டார்.

அவருக்கும் சொன்னேன். அவர் பேசியதை எழுத எனக்கு மனசு வரவில்லை. நோய்க்காரனைத் தலையில் கட்டப் பார்த்தீர்கள் என்றார். யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். என்ன சொல்லி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் நின்றாலும் நிற்கும். அந்தப் பெண்ணை உனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்; எனக்கும் இன்றைக்குத்தான் அவளை நிஜமாகவே பிடித்தது. இழந்தாய் என்றால் என்னால் இழந்தாய். போனால் போகிறாள் என்று நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

இதைப் படித்ததும், இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நீ சொல்வாய். விழிக்காதே. மணியார்டர் அனுப்பாதே, பொங்கலுக்கு வராதே, அம்மா என்று சொல்லாதே. சாகிற வரைக்கும் என்னோடு பேசாமல் இரு, தம்பி. ஆனால் இரு.

உன் அம்மா